அரிவாள் படாத காடு

எங்கள் ஊர்க் காட்டுக்குள் விழுந்து கிடக்கும் காய்ந்த குச்சியைக்கூட யாரும் தொடமாட்டார்கள். பல் விளக்க ஒரு வேப்பங்குச்சி வேண்டுமென்றாலும் காட்டைத் தாண்டிப் போய் ரோட்டோர மரத்தில்தான் ஒடிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, "என்ன ஒரு கட்டுப்பாடு!" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். ஒரு தடவை வேனில் வந்திறங்கிய காலேஜ் பிள்ளைகள் கைதட்டவே செய்தார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை. அந்தக் காட்டுக்குக் காவல் என் அண்ணன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். நான் வாக்கப்பட்டது பாளையம்பட்டிக்கு. அங்கே தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். ஊர்க் காட்டுக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண்ணை எதற்குச் செயலாளர் ஆக்கினார்கள் என்றால், மனு எழுதவும் ஆபீஸில் போய்ச் சண்டை போடவும் ஊரில் வேறு ஆள் அகப்படவில்லை. "வாயுள்ள புள்ள, அவளையே போடு" என்று போட்டார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

காடு நிற்கிற இடம் கண்மாய்க்கு மேற்கே உள்ள ஊர்ப் புறம்போக்கு. என் கல்யாணத்துக்கு முன்னால் அது முழுக்கச் சீமைக்கருவேல முள். நாய்கூட உள்ளே நுழையாது. அண்ணன் அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எங்களையெல்லாம் கரையேற்றினார். விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை வைத்து, எரியவிடாமல் புகையவிட்டே கரியாக்குகிற வேலை. எங்காவது ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்துவிட்டால் அத்தனையும் சாம்பல். அதனால் மூட்டத்துப் பக்கத்திலேயே கிடந்து காவல் காப்பார். தீ என்றால் அவருக்கு வளர்த்த மாடு மாதிரி. அதட்டினால் கேட்கும் என்று நினைப்பு.

கிணற்றுத் தண்ணீரெல்லாம் அடியில் போய், போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. முள்ளையெல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டு நாட்டு மரம் வைப்பது என்று கூடிப் பேசினோம். முள் விற்ற காசிலேயே கன்று வாங்கினோம். வேம்பு, புங்கை, வாகை, உடைமரம், இலந்தை. பொம்பளைகள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். அண்ணன் கரித்தொழிலை விட்டுவிட்டுக் காட்டுக்குக் காவலாக வந்து உட்கார்ந்தார். "இத்தன காலம் மரத்த எரிச்சே சாப்டாச்சு, இனிமேயாச்சும் வளத்துப் பாப்போம்" என்றார்.

வளர்த்துப் பார்க்க விட்டார்களா? ஆடு வந்து மேய்ந்தது. வேலிக்கு என்று வாகைக் கன்றை வெட்டிக்கொண்டு போனார்கள். ஆட்டுக்கு அபராதம், வெட்டினால் அபராதம் என்று தண்டோராப் போடாத குறையாகச் சொன்னோம். அபராதத்தைக் கேட்கப் போனால், "வார வாரம் கேட்டா எப்பிடித்தா? பாப்போம் பாப்போம்" என்று சிரித்தே அனுப்பினார்கள். எனக்கு எரிச்சல் தாங்காமல் ஒருத்தர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்புறம்தான் அந்த மாசிச் சிவராத்திரி வந்தது. எங்கள் பக்கம் சிவராத்திரி என்றால் குலசாமி கும்பிடுவது. திருப்பூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் முடிந்தவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். அய்யனார் கோயில் வாசலில் பொங்கல் பொங்கி வருகிற நேரத்தில், யாரும் கேட்காமலே சாமியாடிக்கு அருள் இறங்கியது. "இனி அது எங்காடுடா! அருவா படக்கூடாது! ஒரு குச்சி ஒடியக்கூடாது, ஒரு புல்லு வெளிய போகக்கூடாது! மீறிக் கை வச்சவன நான் பாத்துக்கிருவேன்!"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காட்டுப் பக்கம் ஓர் ஆடு வரவில்லை. எங்கள் கமிட்டியும் மனுவும் அபராதமும் செய்யாததை அந்த அருள்வாக்கு செய்துவிட்டது. ஒரு மாமா மறந்துபோய் பல்குச்சி ஒடித்துவிட்டார். அந்த வாரமே அவர் எருமை செத்துப்போனது. மனுஷன் மென்று துப்பிய குச்சியைத் தேடியெடுத்து, தேங்காய் பழத்தோடு கொண்டுபோய்க் காட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. "சிரிக்காத. சாமி சொன்னது சொன்னதுதேன்" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, காடு வந்தது. என்ன மாதிரி வந்தது! வேம்பு ஆள் உயரம் தாண்டி, கூரை உயரம் தாண்டி, நிழல் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. மயில் வந்து அடைந்தது. கண்மாய் ஓரத்துக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நின்றது. முதல் தடவை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்புக் கரிக்கவில்லை என்றதும் மதினி, அதாவது அண்ணன் மனைவி, கிணற்றடியிலேயே அழுதுவிட்டார். நானும் அழுதேன். இந்தக் காய்ந்த பூமியில் பிறந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

மரத்தோடு சேர்ந்து புல்லும் வந்தது. கொழுக்கட்டைப் புல்லும் ஊசிப்புல்லும். மழைக்கு முளைக்கும், தையில் பழுக்கும், மாசியில் காய்ந்து நிற்கும். அறுக்க ஆள் இல்லை, மேய ஆடு இல்லை. போன வருஷத்துப் புல் சாய்ந்து கிடக்க, அதன் மேல் இந்த வருஷத்துப் புல் நிற்கும். அதன் மேல் அடுத்த வருஷத்தது. நடந்தால் கால் மண்ணில் படாது. காற்று அடித்தால் காடு முழுக்க அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் கேட்கும். காட்டுக்கு வெளியே ஆடுகள் மேய்ச்சலில்லாமல் நிற்க, ஊரார் மல்லாங்கிணற்றுப் பக்கமிருந்து லோடு லோடாக வைக்கோல் வாங்கிப் போட்டார்கள். இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது?

ஒரு சித்திரை மாதம், துணி எடுக்கத் தூத்துக்குடி ரோட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பந்தல்குடியைத் தாண்டியதும் ரோட்டோரப் புல்லில் தீ. யாரோ லாரிக்காரன் பீடியைப் போட்டிருப்பான் என்றார்கள். ரோட்டோரத்து முழங்கால் புல்தான். அது பஸ்ஸோடு சேர்ந்து ஓடி வந்தது. ஒரு பனைமரத்தின் அடியில் காய்ந்த மட்டை தொங்கியது. தீ அதைப் பிடித்து விறுவிறு என்று ஏறி உச்சியைச் சுட்டுவிட்டுத்தான் அடங்கியது. நான் பாதி வழியில் இறங்கித் துணியும் எடுக்காமல் ஊருக்குத் திரும்பினேன்.

"அண்ணே, காட்டச் சுத்தி ஒரு வண்டித்தடம் அகலத்துக்குப் புல்ல அறுத்து வெறும் மண்ணா விட்டுருவோம். நடுவுலயும் ரெண்டு எடத்துல விடுவோம். தீ வந்தா அந்த மண்ணத் தாண்டாது" என்றேன்.

"அருவா படக்கூடாது."

"அப்ப கையால பிடுங்குவோம். நான் ஆளக் கூட்டிட்டு வாரேன்."

"புல்லு வெளிய போகக்கூடாது."

"அட, ஆட்டையாச்சும் விடு, அதுக்குத் தெரியுமா சாமி சொன்னது?"

"ஏத்தா, தீயப் பத்தி எனக்குச் சொல்லித்தர்றியா? நான் இருக்கேன்ல. பொறி விழுந்தா அணைக்கத் தெரியாதா எனக்கு?"

மதினி அடுப்படியிலிருந்து, "இவுக யாரு சொன்னாலும் கேக்க மாட்டாக. இப்பல்லாம் மத்தியானச் சோத்தையும் காட்டுக்குள்ளயே கொண்டாரச் சொல்றாக. புல்லுக்குள்ளதேன் துண்ட விரிச்சுப் படுக்கிறாக" என்றார். அந்தக் காய்ந்த புல்லுக்கு நடுவிலா அண்ணன் தூங்குகிறார்? காடு போனால் போகட்டும். அவர் உள்ளே படுத்திருக்கும்போது போனால்?

கமிட்டியைக் கூட்டிக் கத்தினேன். எல்லோருக்கும் நான் சொல்வது புரிந்தது. ஒருவரும் அரிவாளைத் தொடத் தயாராக இல்லை. கடைசியில், சாமியிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவானது. அடுத்த சிவராத்திரிக்குப் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி காலடியில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சம்மதம். சாமி, பூதம் என்று எதையும் பெரிதாக நம்பாத நான் அன்றைக்கு வெள்ளை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

"இன்னொரு தடவ பாருங்க" என்றேன்.

"கேட்டதையே கேட்டா அய்யாவுக்குக் கோவம் வந்துரும்மா. இனி அடுத்த சிவராத்திரிக்குத்தேன்."

"அதுவரைக்கும் தீ பொறுத்துக்கிட்டு இருக்குமா?"

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பங்குனி போனது. சித்திரை போனது. கடையில் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன், தெருவில் யாராவது குப்பை எரித்தால் எழுந்து போய்ப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "ஒனக்கு என்ன பைத்தியமா? தீயணைப்பு ஸ்டேஷன்ல வேலைக்குச் சேந்துரு" என்று கேலி பண்ணினார். வைகாசி பிறந்ததும் மேற்கிலிருந்து மேகாற்று எடுத்தது. காட்டுக்கு மேற்கே ஒரு தனியார் நிலத்தில் புதிதாக யாரோ கரிமூட்டம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் புகை காட்டுப் பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்ப்பேன். போய்ச் சண்டை போட்டேன். "எங்க எடத்துல போடுறோம், ஒனக்கென்ன?" என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வற்புறுத்தியதால் அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். பாதிச் சோற்றில் தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினார். "மூட்டப் புகைதானே?" என்றேன். "இல்ல. இது புல்லு" என்றார். கையைக்கூடக் கழுவவில்லை. எச்சில் கையோடு ஓடினார்.

எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. மூட்டத்துப் பொறி என்றார்கள், பீடி என்றார்கள், கரண்டுக் கம்பி உரசியது என்றார்கள். நாங்கள் போனபோது மேற்கு ஓரம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு எழும்பி, மரத்தடிச் சருகையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. ஊரே திரண்டு வந்துவிட்டது. தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டாயிற்று, வருவதற்கு நேரம் ஆகும். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினால் தரை குடிப்பதற்குள் தீ தாண்டிப் போனது.

புல் தீயை எப்படி அணைப்பது என்று எங்கள் பக்கம் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நல்ல பச்சைக் குழையாக, இலைக் கொத்தோடு ஒடித்து, வரிசையாக நின்று, ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் தலைக்கு மேலே வேம்பும் புங்கையும் குழை குழையாகத் தொங்கின. ஒரு கையும் மேலே போகவில்லை. சாக்கை நனைத்து அடித்தார்கள், அதுவும் காய்ந்து பற்றிக்கொண்டது. ஒருவன், பெரிய புத்திசாலி, "நான் போய்க் குழ ஒடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குள் இருக்கிற தெரு வேம்பை நோக்கி ஓடினான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தனை மரத்துக்கு நடுவில் நின்றுகொண்டு குழை ஒடிக்க ஊருக்கு ஓடுகிறான்!

அண்ணன் முன்னால் நின்றார். தோளில் கிடந்த துண்டால் அடித்தார். அது எரிந்தது. சட்டையைக் கழற்றி அடித்தார். அதுவும் போனதும் இரண்டு கையாலும் எரிகிற புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் எறிந்தார். "அண்ணே, வாண்ணே! வெளிய வா!" என்று கத்தினேன். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் தீ வளைந்து வந்தது. அவர் தலைக்கு மேலேயே ஒரு புங்கங்கிளை, எட்டிப் பிடித்தால் கைக்கு வந்துவிடும்.

நான் ஓடிப்போய் அந்தக் கிளையில் தொங்கினேன். படாரென்று முறிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் ஒரு கூட்டமே தீயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. "ஏலே, என்னடா பாக்குறீக! ஒடிங்கடா!" என்று கத்திக்கொண்டே அண்ணன் காலடியில் அடித்தேன். எனக்கு அடுத்து மதினி ஒடித்தார். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒடித்தார். பிறகு ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். மடமடவென்று காடு முழுக்க முறிகிற சத்தம். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் நடுக்காட்டில் போகிற வறண்ட ஓடைத் தடத்துக்கு அந்தப் பக்கமே தீயை நிறுத்திவிட்டோம். பாதிக் காடு போனது, பாதி நின்றது. அண்ணன் மண்ணில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் வெந்து, தோல் கையுறை மாதிரித் தொங்கியது.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு கைக்கும் தோள்வரை கட்டு. ஊரிலிருந்து ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்தார்கள். பூசாரியும் வந்தார். நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "அய்யா கேக்கும்ல... மொதல்ல கை வச்சது யாருன்னு. ஊருக்காகப் பரிகாரம் பண்ணணும். மொத ஒடிச்ச ஆளத்தேன் அது பாக்கும்" என்றார். அத்தனை பேரும் பார்த்தவர்கள்தான். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"நாந்தேன்."

"அண்ணே!"

"நாந்தேன் ஒடிச்சேன். எழுந்திருச்சதும் நானே வந்து அய்யாகிட்டச் சொல்லிக்கிறேன்."

பூசாரி தலையை ஆட்டினார். கூட வந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். பொய் என்று தெரிந்தே ஆட்டினார்கள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த வாரமே அவர் கோயிலுக்குப் புறப்பட்டார். நானும் கூடவே போனேன். கும்பிட முடியவில்லை, விரல் மடங்கவில்லை. வெந்த இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி உரக்கச் சொன்னார்: "அய்யா, நாந்தேன் ஒடிச்சேன். எது வந்தாலும் எம்மேல வச்சுக்க."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "பொய்! அய்யனாரே, நாந்தேன் ஒடிச்சேன்! ஒடிச்சதுனாலதேன் பாதிக் காடு நிக்கிது, எங்கண்ணன் உசுரோட நிக்கிறாரு. நல்லாக் கேட்டுக்க!" என்று கத்தினேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. சாமியைப் பார்த்தே சொன்னார்: "அது சின்னப் புள்ளையிலருந்தே இப்பிடித்தேன் அய்யா. கோவம் வந்தா வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லும். அதக் கணக்குல எடுத்துக்கிராத."

சாமி சொன்னது சொன்னதுதான் என்று எருமைக்காகக்கூடச் சிரிக்காத மனுஷன், சாமி முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது தை மாதம். நின்ற பாதிக் காட்டில் மறுபடியும் புல் முளைத்துக் காய ஆரம்பித்துவிட்டது. எரிந்த பாதியில் மரம் கருகி நிற்கிறது, புல் மட்டும் முன்னைவிட நெருக்கமாக வந்திருக்கிறது. ஓரத்தில் மண் தெரிய அறுத்துவிடலாமா என்றால், சிவராத்திரிக்கு அய்யா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம் என்கிறார்கள். அண்ணனைக் காவலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கை சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நைசாக எழுந்துகொள்கிறார்களாம். மதினி போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். யாருக்கும் அவர் மேல் கோபம் கிடையாது. மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். அய்யா அவரை என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நேற்று அண்ணனே போன் பண்ணினார். மதினிதான் காதில் வைத்துப் பிடித்திருக்க வேண்டும்.

"இந்த வருசம் சிவராத்திரிக்கு நீ வராத தாயி."

"ஏண்ணே?"

"பஸ்ஸுல கூட்டமா இருக்கும்."

"கூட்டம் என்னைக்குத்தான் இல்ல? நான் வாரேன்."

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"சரி, வா. ஆனா எம்பக்கத்துல நிக்காத. தள்ளி நில்லு" என்றார்.